மூடிய மில்லில் கலை: கோவைக்கு எந்த மாதிரி பொருந்தும்?

மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச் பொதுமுடக்கத்தோடு நின்றன. தமிழ்நாட்டிலிருந்த ஏழில் ஐந்து கோவையில் இருக்கின்றன: பங்கஜா, கம்போடியா, கோயம்புத்தூர் முருகன், ரங்கவிலாஸ், எல்லாவற்றுக்கும் மூத்ததாக 1888இல் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங். கடைசியாகச் சொன்னது ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் ஸ்டேன்ஸ் மில்தான். இந்த நிலங்கள் என்ன ஆகும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கட்டடக் கலைஞர்கள், ஓவியர்கள், வடிவமைப்பு ஆசிரியர்கள் நடுவில் ஒரு யோசனையும் எழுகிறது. ஒரு மில்லை, முடியாவிட்டால் ஒரு கூடத்தையாவது, பஞ்சாலை மரபிலிருந்து பிறக்கும் சமகாலக் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்பதே அது. நானும் அதை விரும்புகிறவன். ஆனால் 'எப்படிப்பட்ட இடம்' என்று கேட்டால் ஆளுக்கொரு வெளிநாட்டு ஊரைக் காட்டுகிறோம். அந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. தவறான ஊரை நகலெடுத்தால் ஒரு தலைமுறைக்கு இந்த வாய்ப்பு திரும்பாது. அதனால் அவற்றை வரிசையாக எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகைப்படத்தில் மிகவும் பிரமாதமாகத் தெரியும் மாதிரிதான் நமக்கு மிகவும் குறைவாக உதவும். நெதர்லாந்தின் தில்பர்க் நகரம் செய்திருப்பது நமக்கு மிக நெருக்கமானது. அதை எட்டும்வரை இங்கிலாந்தின் லங்காஷயர் நடத்தும் விழாவைப் போன்ற ஒன்றை முதல் அடியாக வைக்கலாம். ஆனால் இந்த வெளிநாட்டு மாதிரிகள் எல்லாம் தொழில் சரிந்துபோன ஊர்களில் பிறந்தவை. நம் ஊரில் ஐந்து மில்கள் நின்றிருக்கின்றன, தொழில் நிற்கவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எந்த ஒப்பீடும் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சால்ட்டேர்: ஒரு மனிதரின் விருப்பத்தில் நிற்கும் ஆலை

இங்கிலாந்தின் பிராட்போர்டு அருகே டைட்டஸ் சால்ட் என்ற ஆலை அதிபர் 1853இல் திறந்த சால்ட்ஸ் மில் என்ற கம்பளி ஆலை இது. பிரதானக் கட்டடத்தின் நீளம் 545 அடி. ஆலையைச் சுற்றித் தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை, தேவாலயம் என்று ஓர் ஊரையே கட்டினார். ஆலை 1986இல் மூடியது. அடுத்த ஆண்டே ஜோனதன் சில்வர் என்ற பிராட்போர்டு வணிகர் அதை வாங்கி, தன் நண்பரும் அதே ஊரில் பிறந்தவருமான ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்களைத் தரைத்தளத்தில் மாட்டினார். அந்தக் கூடத்துக்கு 1853 கேலரி என்று பெயர். கட்டணம் இல்லை. மேல்தளங்களில் கடைகள், உணவகம், அலுவலகங்கள். அவற்றின் வாடகையில் கட்டடம் நிற்கிறது. 2001இல் ஊர் முழுவதும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இதன் அழகை நான் மறுக்கவில்லை. ஒரு தனி மனிதர் விரும்பினால் அரசின் அறிக்கைக்கும் குழுவுக்கும் காத்திராமல் ஓராண்டில் ஆலைக் கதவைத் திறந்துவிடலாம் என்பதற்குச் சாட்சி இது. கோவையில் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் கலைக்கூடமும் அதோடு சேர்ந்த நெசவு அருங்காட்சியகமும் அந்த மனநிலையிலிருந்து வந்தவைதான்.

ஆனால் சால்ட்ஸ் மில்லின் சுவரில் நெடுங்காலமாகத் தொங்குவது ஹாக்னியின் படங்கள்தான். நூற்றவர்களைப் பற்றி அந்தப் படங்களில் எதுவும் இல்லை. ஆலை ஓர் அழகான சட்டகமாக இருக்கிறது, அவ்வளவுதான். இதை உணர்ந்துதானோ என்னவோ, பிராட்போர்டு 2025இல் பிரிட்டனின் பண்பாட்டு நகரமாக இருந்தபோது அமெரிக்கக் கலைஞர் ஆன் ஹாமில்டனை அழைத்து மேல்தளத்தின் பழைய நூற்புக் கூடத்தைக் கொடுத்தார்கள். கம்பளி, குரல், பாட்டு, பெரிதாக அச்சிட்ட உருவங்கள் ஆகியவற்றால் அவர் அந்தத் தளத்தை நிரப்பினார். அந்தப் படைப்பின் பெயர் 'வி வில் சிங்'. அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைப் பற்றி அங்கே நடந்த பெரிய கலைப் பேச்சு அதுதான். நவம்பரில் அதுவும் முடிந்துவிட்டது.

நம் நிலைமைக்கு வருவோம். கழகத்தின் மில்கள் 1974ஆம் ஆண்டு நாட்டுடைமைச் சட்டத்தின் வழியில் வந்தவை. நிலம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. இங்கே ஒரு ஜோனதன் சில்வர் வந்து வாங்கிவிட முடியாது. ஏலத்தில் வாங்கக் கூடியவர்கள் யார் என்பதும், அவர்கள் எதைக் கட்டுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நார்த் ஆடம்ஸ்: பெரிய கூடம், சிறிய நினைவு

கலைக் கல்லூரி நண்பர்கள் அதிகம் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் மாஸ் மோக்கா. 1860 முதல் 1942 வரை அது ஆர்னால்டு பிரின்ட் வொர்க்ஸ் என்ற துணி அச்சடிப்பு ஆலை. பிறகு ஸ்பிரேக் எலக்ட்ரிக் என்ற மின்பாகத் தொழிற்சாலை வந்து 1985இல் மூடியது. சுமார் 13,000 பேர் வாழும் அந்தச் சிற்றூருக்கு அதன்பின் பிடிப்பு எதுவும் இல்லை. 1986இல் கலை அருங்காட்சியக யோசனை முளைத்தது. மாநில அரசின் பணத்தோடு 1999இல் கதவு திறந்தது. யோசனைக்கும் திறப்புக்கும் நடுவில் 13 ஆண்டுகள்.

அளவில் அதற்கு ஈடு சொல்வது கடினம். கால்பந்து மைதானம் போன்ற கூடம், சால் லெவிட்டின் 105 சுவர் ஓவியங்களை 2043 வரை வைத்திருக்கும் ஒரு முழுக் கட்டடம், 2017இல் சேர்ந்த இன்னொரு பெரிய கட்டடம். உலகில் எங்கும் வைக்க முடியாத அளவுள்ள படைப்புகளுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. கலைக்கு அது பெரும் பேறு.

துணி அச்சிட்டவர்கள் மட்டும் அங்கே அநேகமாக இல்லை. செங்கல்லும் உயரமும் ஜன்னலும் மிச்சம். லெவிட்டின் கோடுகளுக்கும் ஆர்னால்டு ஆலையின் சாயத்தொட்டிக்கும் ஒரு பேச்சும் கிடையாது. நாம் கேட்பது பஞ்சாலை மரபிலிருந்து பிறக்கும் கலை என்றால், மாஸ் மோக்கா அந்தக் கேள்விக்கான விடையே ஆகாது. காலியான கட்டடத்தை என்ன செய்வது என்ற வேறொரு கேள்விக்கு அது சிறந்த விடை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். நார்த் ஆடம்ஸில் நிலத்துக்குப் போட்டி இல்லை. அவினாசி சாலையை ஒட்டிய நிலத்தில் பத்து ஏக்கரை ஓவியத்துக்கு விடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகும் ஊர் இது.

லங்காஷயர்: கதையை மறைக்காத கலை

பர்ன்லி நகரத்தின் ஓரத்தில், ஹார்ல் சைக் என்ற சிற்றூரில், குயின் ஸ்ட்ரீட் மில் இருக்கிறது. 1894இல் கட்டியது. 1895இல் நெல்சன் நகரத்தில் வில்லியம் ராபர்ட்ஸ் நிறுவனம் செய்த 500 குதிரைத்திறன் நீராவி என்ஜின் இன்னும் அங்கே உண்டு. முதலில் 'புரூடென்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் 'பீஸ்', அதாவது சமாதானம், என்று மாற்றினார்கள். மில் 1982இல் மூடியது. தறிகளை விற்காமல் விட்டுவைத்ததால், நீராவியால் ஓடும் நெசவுக் கூடமாக உலகில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்று சொல்கிறார்கள்.

லங்காஷயர் தறிகள் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்காது. அதனால் அங்கே நெய்த பெண்கள் உதட்டை அகலமாக அசைத்து, முகம் முழுவதையும் பேசவைத்து, ஒரு வாய்மொழியை உண்டாக்கினார்கள். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சத்தமே இல்லாமல் அது போய்ச் சேர்ந்தது. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் சிறு துளைக்குள் நூலை வாயால் உறிஞ்சி இழுத்தார்கள். ஒரே நாடாவைப் பலர் வாயில் வைத்ததில் நோய் பரவியது. பஞ்சாலை மரபு என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்: வெல்ல முடியாத சத்தத்துக்குள் மனிதர்கள் கண்டுபிடித்த மொழி, அதே கூடம் அவர்கள் நெஞ்சில் ஏற்றிய நோய். கலைஞன் இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

அந்தப் பகுதியில் 2019 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிட்டிஷ் டெக்ஸ்டைல் பையெனியல் என்ற விழா நடக்கிறது. பிளாக்பர்ன், பர்ன்லி, சுற்றியுள்ள சிற்றூர்கள் எல்லாவற்றிலும் ஆலை, தேவாலயம், பழைய களஞ்சியம், கடை என்று கிடைக்கும் இடங்களில் படைப்புகளை வைக்கிறார்கள். தனியாக ஒரு பெரிய கட்டடத்தைக் கட்டிக் காப்பாற்றும் சுமை இதில் இல்லை. 2021இல் லுபைனா ஹிமிட் என்ற கலைஞர் காதார்ப் ஹால் மாளிகையின் பழைய களஞ்சியத்தில் 400 மீட்டர் டச்சு வாக்ஸ் துணியை அலை அலையாக ஓடவிட்டார். அந்தத் துணிக்கு ஒரு கதை உண்டு. மெழுகு பூசிச் சாயமேற்றும் இந்தோனேசிய பாத்திக் வேலையை நெதர்லாந்து ஆலைகள் இயந்திரத்தால் நகலெடுத்தன, அது மேற்கு ஆப்பிரிக்காவில் விற்பனையானது, இன்று ஆப்பிரிக்கத் துணியாகவே அறியப்படுகிறது. சான்சிபாரில் பிறந்து லங்காஷயரின் பிரஸ்டன் நகரத்தில் வாழும் ஒருவர் அதை லங்காஷயர் களஞ்சியத்தில் விரிக்கும்போது, கடல்கள் எல்லாம் அந்தக் கூரைக்குள் வந்துவிடுகின்றன.

ஹிமிட் 2002இலேயே 'காட்டன்.காம்' என்ற படைப்பைச் செய்தவர். சுவர் நிறையச் சிறு சிறு கறுப்பு வெள்ளை ஓவியங்கள். மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்களும் அமெரிக்கத் தோட்டங்களில் பருத்தி பறித்த அடிமைகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதாகக் கற்பனை. இதற்கு வரலாற்று அடித்தளம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்கள் துறைமுகங்களை முற்றுகையிட, பருத்தி வராமல் லங்காஷயர் பட்டினி கிடந்தது. அப்படியிருந்தும் 1862 டிசம்பர் 31இல் மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர்கள் அடிமை முறைக்கு எதிராக லிங்கனை ஆதரித்துக் கடிதம் எழுதினார்கள். அடுத்த மாதமே லிங்கன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அந்தப் பட்டினியின் இன்னொரு முனை நம் நாட்டில் இருந்தது: அமெரிக்கப் பஞ்சு நின்றதும் இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது, போர் முடிந்ததும் விழுந்தது.

இதே லங்காஷயருக்கு 1931 செப்டம்பரில் காந்தி போனார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்தவர்கள் இருந்த டார்வென் பகுதியில், ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து கையை உயர்த்தி ஆரவாரம் செய்யும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோவையிலிருந்து ஒரு கலைஞர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்தால் எவ்வளவு சொல்லலாம்! அவர்களுடைய தறிகள் நின்ற அதே காலத்தில்தான் இங்கே பைக்காரா மின்சாரம் வந்து, 1932க்குப் பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. ஓல்டாமில் செய்த இயந்திரங்கள் இந்திய மில்களில் ஓடின. இரண்டு ஊர்களும் ஒரே நூலின் இரண்டு நுனிகள்.

விழா மாதிரியின் இன்னொரு பலம், அது அருங்காட்சியகத்துக்கு வராதவர்களையும் இழுப்பது. 2021இல் பிளாக்பர்னில் தரிசாகக் கிடந்த நிலத்தில் ஆளிச் செடியையும், நீலச் சாயம் தரும் வோட் என்ற செடியையும் ஊர்க்காரர்களே விதைத்தார்கள். அந்த மண்ணில் விளைந்த நாரில், அந்த மண்ணின் நீலத்தில் ஒரு ஜீன்ஸ் செய்ய முடியுமா என்று பார்ப்பது நோக்கம். கலைஞர், விவசாயம் பழகியவர், தையல் ஆலைக்காரர், ஒன்றும் தெரியாமல் வந்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் ஒரே வயலில் நின்றார்கள். கருங்கண்ணிப் பருத்தியை வைத்து இதே முயற்சியைக் கோவையில் செய்யப் பெரிய பணம் எதுவும் வேண்டாம்.

பலவீனமும் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விழா முடிந்ததும் களஞ்சியம் மறுபடி காலி. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு நிதி கேட்டு மறுபடி அலைய வேண்டும். குயின் ஸ்ட்ரீட் மில்லையே 2016இல் செலவைக் காரணம் காட்டி உள்ளூராட்சி மூடிவிட்டது. பிறகு குறைந்த நாட்களுக்கு மட்டுமே திறந்தார்கள். ஓடும் இயந்திரத்தை வைத்திருப்பது ஓவியத்தை மாட்டி வைப்பதைப் போல அல்ல. எண்ணெய், பெல்ட், உதிரிப் பாகம், எல்லாவற்றுக்கும் மேலாக அதை ஓட்டத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

விழா மாதிரிக்கு நம் வாசலிலேயே ஒன்று இருக்கிறது. கொச்சி முசிறிஸ் பையெனியல் 2012இல் தொடங்கியபோது, கயிறும் மிளகும் ஏற்றுமதி செய்த ஆஸ்பின்வால் வளாகத்தைத்தான் முதன்மை இடமாக எடுத்துக்கொண்டது. பழைய வணிகக் கட்டடத்துக்குள் சமகாலக் கலையைக் காணக் கூட்டம் வருமா என்ற சந்தேகத்தை நம் பக்கத்து ஊரே தீர்த்துவைத்துவிட்டது.

தில்பர்க்: அருங்காட்சியகத்துக்குள் வேலை நடக்கிறது

தில்பர்க் ஒரு காலத்தில் நெதர்லாந்தின் கம்பளி நகரம். தொழில் சரிந்த பிறகு, மொம்மர்ஸ் என்ற பழைய கம்பளி ஆலைக்குள் நகரத்தின் டெக்ஸ்டைல் மியூசியம் குடியேறியது. மற்ற இடங்களில் கிடைக்காத ஒன்று அங்கே இருக்கிறது. டெக்ஸ்டைல்லாப் என்ற பெயரில் அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு வேலைக்கூடம். கணினியால் இயங்கி உருவங்களை நெய்யும் ஜக்கார்டு தறிகள், பின்னல் இயந்திரங்கள், பூத்தையல் கருவிகள் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. பார்வையாளர்கள் அவற்றின் அருகிலேயே நடந்து போகலாம்.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கலைஞர் ஒரு வரைபடத்தோடு வருகிறார். தறியை அறிந்த தொழில்நுட்பக்காரர் எதிரே உட்காருகிறார். இந்த நிறத்தை இரண்டு ஊடையின், அதாவது குறுக்கு நூலின், கலப்பில் கொண்டுவரலாம், இந்த இடத்தில் நூலைத் தளரவிட்டால் மேடு எழும், இந்தப் பாவுக்கு, அதாவது நெடுக்கு நூலுக்கு, இவ்வளவு அகலம்தான் வரும் என்று அவர் சொல்கிறார். மாதிரித் துண்டு நெய்கிறார்கள், திருத்துகிறார்கள், மறுபடி நெய்கிறார்கள். முடிவில் வருவது அந்த இருவரில் ஒருவர் மட்டும் செய்திருக்க முடியாத ஒன்று. நைஜீரியாவில் பிறந்து ஆண்ட்வெர்ப்பில் வாழும் ஒட்டோபோங் ங்காங்கா, மண்ணைத் தோண்டிக் கனிமம் எடுத்த இடங்களில் மிஞ்சும் காயத்தைப் பற்றிய தன் பெரிய நெய்த படங்களை அங்கேதான் உருவாக்கினார்.

சால்ட்டேரில் ஆலை சட்டகமாக இருக்கிறது, நார்த் ஆடம்ஸில் கொட்டகையாக இருக்கிறது, லங்காஷயரில் நினைவாக இருக்கிறது. தில்பர்க்கில்தான் அது கருவியாக இருக்கிறது. தொழிலாளியின் அறிவு கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல் படைப்புக்குள் போகிறது. என் மனம் இங்கே சாய்வதற்கு இதுவே காரணம்.

குறை என்றால், தொழிலாளியின் துயரம் தில்பர்க்கில் அவ்வளவு கேட்பதில்லை. வடிவமைப்பும் வாங்கத்தக்க அழகும் முன்னால் நிற்கின்றன. வேலைநிறுத்தம், பஞ்சுத் தூசி, கதவடைப்பு எல்லாம் பின்னால் போய்விடக் கூடும். கோவையில் அப்படி நடக்கவிடக் கூடாது. 1946 ஜனவரி 8இல் சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு மில் தொழிலாளர்களைக் கோவை சிறையில் தூக்கிலிட்டார்கள். அவர்கள் ரங்கவிலாஸ் மில்காரர்கள். இன்று நின்றுபோன ஐந்தில் அந்த மில்லும் ஒன்று. அங்கே எழும் எந்தக் கலைக்கூடமும் அந்த நால்வரைத் தாண்டிப் போக முடியாது.

வுட்ச், மும்பை: உண்மையில் நடக்க வாய்ப்புள்ள இரண்டு

போலந்தின் வுட்ச் நகரத்தில் போஸ்னான்ஸ்கியின் பிரம்மாண்டமான பருத்தி ஆலை 2006இல் மனுஃபக்தூரா என்ற வணிக வளாகமாகியது. அதே வளாகத்தின் பழைய நெசவுக் கட்டடத்தில் 2008இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கிளை திறந்தது. ஊரின் இன்னொரு பக்கம், லுத்விக் கையரின் வெள்ளை ஆலையில் மத்திய நெசவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1970களிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக நெய்கலைக் கண்காட்சியை நடத்தி வருகிறது. கயிற்றாலும் நாராலும் ஆள் உயரத்துக்கு மேல் உருவங்களை நெய்த மக்தலேனா அபக்கனோவிச்சின் நாடல்லவா, அந்தப் பிடிவாதம் இருக்கத்தான் செய்யும். மாலும் கலையும் பக்கத்தில் பக்கத்தில் வாழலாம் என்பதற்கு வுட்ச் ஒரு சமாதான உதாரணம். எழுத்தில் கட்டாயப்படுத்தாவிட்டால் மால் மட்டுமே மிஞ்சும் என்பதற்கு மும்பை உதாரணம்.

மும்பையில் 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். மில்கள் அதிலிருந்து மீளவே இல்லை. 1991இல் வந்த வளர்ச்சி விதி மில் நிலத்தை மூன்றாகப் பிரித்தது: நகரத்தின் திறந்தவெளிக்கு ஒரு பங்கு, பொது வீட்டுவசதிக்கு ஒரு பங்கு, உரிமையாளருக்கு ஒரு பங்கு. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும் இந்தப் பங்கீடு என்று சுருக்கினார்கள். காலி நிலம் எவ்வளவு இருந்திருக்கும்? 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. பீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி இன்று வணிக வளாகத்தின் நடுவில் நிற்கிறது. விதியில் ஒரு சொற்றொடர் மாறியதில் ஒரு நகரத்தின் நினைவுக்கான இடம் போய்விட்டது. கலைஞர்கள் ஓவியம் தீட்டுவதற்கு முன் நில ஆவணங்களைப் படிக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

எனவே கோவைக்கு

தில்பர்க் மாதிரிக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இங்கே ஏற்கெனவே சுற்றி இருக்கின்றன. 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா, 1962 முதல் நூற்பு இயந்திரம் செய்யும் லட்சுமி மெஷின் வொர்க்ஸ், ஜவுளித் தொழில்நுட்பம் கற்றுத்தரும் கல்லூரிகள், சோமனூர் பல்லடம் பக்கத்து விசைத்தறிகள், நெகமத்தின் கைத்தறி, ஐம்பது கிலோமீட்டரில் திருப்பூரின் பின்னலாடை. உலகத்தில் எந்தக் கலைஞரும் பொறாமைப்படும் சுற்றம் இது. தில்பர்க் அரும்பாடுபட்டுக் கட்டிய வேலைக்கூடத்தை நாம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. இருப்பவற்றை ஒரு வாசல் வழியாக இணைத்தால் போதும். அந்த வாசல்தான் மில்லின் அந்த ஒரு கூடம்.

அந்தக் கூடம் எதுவாக இருக்க வேண்டும் என்றும் சொல்லத் தோன்றுகிறது. பலர் புகைபோக்கியையும் முகப்பு வளைவையும் காப்பாற்றச் சொல்கிறார்கள். நான் பஞ்சிழையை நூலாக முறுக்கும் ரிங் பிரேம் இயந்திரங்களின் கூடத்தைக் கேட்பேன். ஓடும் ரிங் பிரேமில் நூல் அறுந்தால் அதை ஓட்டும் தொழிலாளியான சைடர் செய்யும் காரியத்தை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். சுழலும் கதிரை நிறுத்தி, பாபினில் நூல் நுனியைத் தேடி எடுத்து, வளையத்தில் ஓடும் கடுகளவு டிராவலருக்குள் கோத்து, மேலே வழிகாட்டிக்குள் ஏற்றி, முன் உருளையிலிருந்து வந்துகொண்டிருக்கும் பஞ்சிழையோடு ஒட்டவிட்டுக் கதிரை விடுகிறார். கண் இமைக்கும் நேரம். பத்தாண்டு ஓட்டியவரின் விரல் அதை யோசிப்பதே இல்லை. கோவை இயந்திரத்தால் வளர்ந்த ஊர் என்கிறோம், இந்த விரல்களால் வளர்ந்த ஊர் என்றும் சொல்ல வேண்டும். ஒரு நடனக் கலைஞரோ காணொளிக் கலைஞரோ ஒலியை வைத்து வேலை செய்பவரோ அந்த அசைவுக்கு முன்னால் ஓராண்டு உட்கார்ந்தால் என்ன வரும் என்று அறிய எனக்கு அவ்வளவு ஆவல்.

ஒரு நிபந்தனை உண்டு, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொழிலாளர்களின் நிலுவை தீராத வளாகத்தில் கண்காட்சி வைக்கக் கூடாது. சம்பளம் கேட்டு வாயிலில் நிற்பவரைக் கடந்து போய் உள்ளே அவருடைய வாழ்க்கையைப் பற்றிய படைப்பைப் பார்ப்பது முறையில்லை. கணக்கு தீர்ந்த பிறகு, ஓய்வுபெற்ற சைடர்களையும், நிறைந்த பாபின்களை மாற்றும் டாஃபர்களையும், இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர்களையும் அழைக்க வேண்டும். கதை சொல்ல வந்த விருந்தினராக மட்டும் அவர்களை நடத்தக் கூடாது. ஊதியம் வாங்கும் ஆசிரியராக நியமிக்க வேண்டும். தில்பர்க்கில் கலைஞருக்கு எதிரே உட்காரும் அந்தத் தொழில்நுட்பக்காரரின் நாற்காலி இங்கே அவர்களுக்குரியது.

நிலம் இழுபறியில் இருக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. முதல் கட்டமாக லங்காஷயர் பாணியில் ஒரு சிறு விழா நடத்தலாம். ஓடிக்கொண்டிருக்கும் தனியார் நூற்பாலையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடம், சோமனூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகை, கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தில் ஓர் அறை, கருங்கண்ணி விதைத்த ஒரு வயல். நான்கு இடம் போதும். இதற்கு யாருடைய நிலமும் கைமாற வேண்டியதில்லை.

வேறு ஊர்களுக்கு என் பரிந்துரை வேறாக இருக்கும். பெரம்பூரில் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமான பக்கிங்காம் அண்டு கர்னாடிக் மில் 1996இல் மூடிவிட்டது. அங்கே தில்பர்க் பற்றிப் பேசுவதில் பொருளில்லை, வேலைக்கூடத்துக்குச் சுற்றம் இல்லை. அங்கே பொருந்துவது 1921 வேலைநிறுத்தத்தையும் தெருக்களையும் எடுத்துக்கொள்ளும் விழாதான். சொந்த நிலத்தில் சொந்த மில்லை மூடிவிட்டுக் கட்டடத்தை இடிக்க மனமில்லாமல் வைத்திருக்கும் ஒரு குடும்பம் கேட்டால், தயங்காமல் சால்ட்டேரைக் காட்டுவேன். அவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம்.

கோவையில் இப்போது உடனடியாகக் கேட்க வேண்டியது கட்டடம்கூட இல்லை. நின்ற மில்லின் இயந்திரங்கள் எந்த நாளும் காயலான் கடைக்குப் போகலாம். போய்விட்டால் தில்பர்க், லங்காஷயர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்து மில்களில் ஏதாவது ஒன்றில், பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமிலிருந்து கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ரிங் பிரேம், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் வரை ஒவ்வொன்றிலும் ஓர் இயந்திரம் வீதம் ஒரு வரிசையை ஏலப் பட்டியலிலிருந்து எடுத்து வையுங்கள் என்று ஜவுளி அமைச்சகத்துக்கு மனு எழுத வேண்டும். சிட்ராவும் மாவட்டத் தொழிற்சங்கங்களும் கலைக் கல்லூரிகளும் ஒரே தாளில் கையெழுத்திட்டால் அந்த மனுவுக்கு எடை இருக்கும். வரைவை எழுதும் வேலைக்கு நான் தயார்.